பச்சை மரத்தை மூடி வைக்காதீங்க

காபி பறிப்பு முடிஞ்சு, மிளகும் பாதி இறங்கிடுச்சு. ரெண்டு மாசமா எழுதலைன்னு சில பேர் போன் பண்ணிக் கேட்டீங்க. எழுத நேரம் இல்லைங்கறது பாதிதான் உண்மை. எழுத வேண்டிய விஷயம் ஒண்ணு தொண்டையில நின்னுக்கிட்டு இருந்தது, அதை எழுதாம வேற எதையும் எழுத மனசு வரலை.

எங்க தோட்டத்துக்கு மேல்பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கின சென்னைக்கார சாரைப் பத்தி முன்னாடியே சொல்லியிருக்கேன். வங்கியில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்கக் கனடா போனப்போ அங்க உருட்டுக்கட்டையை அடுக்கிக் கட்டின வீட்டுல நாலு நாள் தங்கியிருக்கார். அதே மாதிரி நம்ம மலையில ஒண்ணு கட்டணும்னு ஆசை. இருபதுக்குப் பதினாலு அடியில ஒரு அறை, முன்னாடி ஒரு திண்ணை, அவ்வளவுதான்.

கட்டைக்கு என் தோட்டத்துல இருந்த சில்வர் ஓக் மரம் முப்பத்திரண்டு கொடுத்தேன். இது ஆஸ்திரேலியா மரம், வெள்ளைக்காரன் காலத்துல தேயிலை, காபித் தோட்டத்துக்கு நிழலுக்காக வந்தது. மிளகுக்கொடி ஏத்தவும் நல்லா இருக்கும். மலையில சொந்த மரத்தைக்கூட நம்ம இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, 1955-லயே அதுக்குச் சட்டம் இருக்கு. அனுமதி வாங்கித்தான் வெட்டினோம். மரம் வித்தது நான். சார் ஊர்ல இல்லாததால வேலையைக் கூட நின்னு பார்த்துக்கிட்டதும் நான். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, பின்னாடி நடந்ததுல என் பங்கு என்னன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

வைகாசியில வெட்டினோம். பட்டை உரிச்சு, கீழே கட்டை கொடுத்து அடுக்கினோம். ஆவணியில ஆசாரி வேலையை ஆரம்பிச்சார். அறுபது வயசு தாண்டின மனுஷன், எங்க அப்பா வீட்டுக்குக் கதவு செஞ்சது அவங்க அப்பா. ஐப்பசி மழைக்குள்ள கூரை ஏறிடுச்சு. வீடு நிஜமாவே அழகா இருந்துச்சு. உள்ளே போனா அறுத்த மரத்தோட வாசனை.

சார் தை மாசம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சுட்டார். மகள் கனடாவுல இருந்து வர டிக்கெட் போட்டாச்சு. ஆசாரி அப்பவே சொன்னார், "அண்ணே, பால் காய்ச்சறதுன்னா காய்ச்சிக்கட்டும். வெளிச்சுவருக்கு இப்ப எதையும் அடிக்க வேணாம். ஒரு கோடை மரத்தைச் சும்மா விடுங்க. மேல ரெண்டு அங்குலமாவது காயட்டும்." எட்டு அங்குலக் கட்டை, வெட்டி ஏழு மாசம்கூட ஆகலை, அதுலயும் மூணு மாசம் மழை. உள்ளே எவ்வளவு ஈரம் இருக்கும்னு விவசாயி எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா சார் போன்ல, "வர்றவங்க பார்க்கறப்போ பளபளன்னு இருக்கணும்"னு சொன்னார். நான் ஆசாரிகிட்ட, "அடிச்சு விடுங்க, பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டேன். மார்கழிப் பனியில மூணு கோட் கிளியர் வார்னிஷ் ஏறிச்சு. தையில வந்தவங்க எல்லாரும் சுவர்ல முகம் பார்க்கலாம்னு பாராட்டினாங்க. போட்டோ எடுத்தாங்க.

சித்திரையில மேற்குச் சுவர்ல வெயில் நேரா விழ ஆரம்பிச்சதும் கொப்புளம் வந்துச்சு. உள்ளே இருந்த ஈரம் வெளியே வர வழி தேடுது, வார்னிஷ் தோல் மாதிரி மூடியிருக்கு. வேற என்ன பண்ணும்? கொப்புளம் வெடிச்சு, அங்கங்க செதில் செதிலா உரிஞ்சது. கட்டை காயக்காய நீளவாக்குல வெடிப்பு விட்டுச்சு. அது மரத்தோட குணம், குத்தம் இல்லை. ஆனா வெடிப்பு வந்த இடத்துல வார்னிஷும் கிழிஞ்சு போச்சு. ஐப்பசி மழை அந்த வழியா உள்ளே இறங்கிச்சு, இறங்கின தண்ணி திரும்பி வெளியே வர முடியலை. கார்த்திகையில பார்த்தா வார்னிஷுக்கு அடியில கருப்பு கருப்பா பூஞ்சாணம். கிழக்குப் பக்கம் கட்டையில குண்டூசி முனை அளவு ஓட்டை, கீழே மாவு மாதிரி பொடி. உளுத்துவண்டு. சில்வர் ஓக்குக்கு வைரம் பாயற குணம் கிடையாது, வண்டுக்கு அது விருந்து.

சார் வந்து பார்த்துட்டு ரொம்ப நொந்து போனார். ஓய்வுப் பணத்துல ஒரு பெரிய பங்கை அதுல போட்டவர், அவர் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கோபம் ஆசாரி மேல போச்சு. "மோசமான வேலை"ன்னு சொல்லி, கொடுக்க வேண்டிய பாக்கி இருபத்திரண்டாயிரத்தை நிறுத்திட்டார். நான் பக்கத்துல நின்னேன். வாயைத் திறக்கலை. ஆசாரி என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, உளிப்பையை எடுத்துக்கிட்டு இறங்கிப் போயிட்டார்.

நகரத்துல இருந்து நிலம் வாங்கி மலையில மரவீடு கட்டணும்னு ஆசைப்படறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்கறாங்க, "எந்த வார்னிஷ் நல்லது?"ன்னு. கேள்வியே தப்புங்கறதுதான் என் கருத்து. எப்ப அடிக்கறதுன்னு முதல்ல கேளுங்க. யார் வருஷா வருஷம் பார்த்துக்கறதுன்னு ரெண்டாவது கேளுங்க. என்ன அடிக்கறதுங்கறது மூணாவதுதான் வரும்.

மரம் காய்ஞ்சிருக்கான்னு பார்க்க ஈரம் காட்டற சின்ன மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது. ரெண்டு ஊசியைக் குத்தினா நம்பர் காட்டும். இருபதுக்குக் கீழே வராம எதையும் தொடாதீங்க, பதினஞ்சுக்கிட்ட வந்தா நல்லது. மேல் தோல் காய்ஞ்சிருக்கும், உள்ளே ஈரம் நிக்கும், அதனால ஊசியை நல்லா ஆழமா இறக்கணும். மீட்டர் இல்லைன்னா ஆசாரி செய்யறதைச் செய்யுங்க. ஒரு துண்டு பாலிதீனைச் சுவர்ல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. உள்பக்கம் வேர்த்திருந்தா மரம் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, வார்னிஷுக்கு ஆகாத அதே ஈரம் வெங்காரத்துக்கு நல்லது. வெங்காரம் ஒன்றரைப் பங்கு, கேரம்போர்டுல போடறோமே அந்த போரிக் பவுடர் ஒரு பங்கு, சூடான தண்ணியில கரைச்சு, பட்டை உரிச்ச பச்சைக் கட்டையில அடிச்சிருந்தா, ஈரத்தோட ஈரமா மரத்துக்குள்ள போயிருக்கும். வண்டும் பூஞ்சாணமும் கிட்ட வந்திருக்காது. மழையில நனைஞ்சா கரைஞ்சு போயிடும், அதனால கொஞ்ச நாள் மறைவுல வெச்சு, பின்னாடி எண்ணெய் பூசணும். இதையும் ஆசாரி கேட்டார். ரெண்டு வாரம் வேலை தள்ளிப்போகும்னு வேணாம்னது நான்தான்.

வெளிச்சுவருக்கு நிறமில்லாத கிளியர் வார்னிஷ் அடிக்கறது எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வீண். வெயில் அது வழியா ஊடுருவி மரத்தைத்தான் சுடுது. மேல்தோல் செத்துப் போனா வார்னிஷுக்குப் பிடிப்பு ஏது? நிறப்பொடி இருந்தாத்தான் வெயிலைத் தடுக்கும். கனடாவைப் பார்த்து ஆசைப்பட்ட சார், அங்கயும் நிறம் கலந்த எண்ணெயைத்தான் பூசறாங்க, சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசறாங்கங்கறதைக் கேட்டுட்டு வரலை. நாலு நாள் விருந்தாளியா போறவங்களுக்கு அது கண்ணுல படாதுதான்.

ஸ்வீடன் நாட்டுல கிராமத்து மரவீடுகள் எல்லாம் ஒரே சிவப்பா இருக்கறதைப் படத்துல பார்த்திருப்பீங்க. ஃபாலூன்னு ஒரு ஊர்ல செம்புச் சுரங்கம் இருந்தது. அங்க மிஞ்சின இரும்புத்தாது கலந்த சிவப்பு மண்ணை, மாவுக் கஞ்சியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் பூசறாங்க. பல நூறு வருஷப் பழக்கம். பளபளப்பு துளிகூட கிடையாது. ஆனா தோலா உரியாது, மெதுவா பொடியா உதிரும். மேலே தட்டிவிட்டு மறுபடி பூசினா முடிஞ்சுது. என் அக்கா மகன் இதை எனக்குக் காட்டினப்போ எனக்கு நம்ம காவிதான் ஞாபகம் வந்துச்சு. அதுவும் இரும்பு கலந்த மண்தானே.

அதனால என் மாட்டுக்கொட்டகைக் கதவுல முயற்சி பண்ணிப் பார்த்தேன். கடையில டபுள் பாயில்டுன்னு கேட்டா கொடுக்கற லின்சீட் ஆயில், அதுல காவிப்பொடி, கொஞ்சம் டர்பன்டைன். மெல்லிசா பூசி, கால் மணி நேரம் கழிச்சு மிச்சத்தைத் துணியால துடைச்சு எடுத்துடணும். ரெண்டு மழைக்காலம் தாண்டிடுச்சு, நிறம் மங்கியிருக்கு, உரியலை. காவி சேர்க்காம வெறும் எண்ணெய் மட்டும் பூசின ஜன்னல் சட்டம் நம்ம ஈரத்துக்குக் கருத்துப் போச்சு, அதையும் சொல்லிடறேன்.

ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. காயறப்போ அது தானா சூடாகும், தானா தீப்பிடிக்கும். நான் நம்பலை. சாக்குப்பைக்குள்ள போட்டு வெச்சிருந்தேன், சாயங்காலம் பால் கறக்கப் போனப்போ புகை. பக்கத்துல வைக்கோல். மாடு கட்டியிருந்த இடம். இப்பவும் நினைச்சா கை நடுங்குது. துணியைத் தண்ணியில முக்கி வையுங்க, இல்லைன்னா விரிச்சுத் தனியா வெளியில காயப்போடுங்க.

வேப்பெண்ணெய் அடிக்கலாமான்னு கேப்பீங்க. பூச்சிக்கு நல்லது, ஆனா காயவே காயாது, பிசுபிசுன்னு தூசி பிடிக்கும். பழைய இன்ஜின் ஆயில் வேலிக்கம்பத்துக்குக்கூட வேணாம்னு இப்ப நினைக்கறேன், மண்ணுல இறங்குது. கட்டையோட வெட்டு முனைக்கும், தரையை ஒட்டின அடிக்கட்டைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுங்க. படகுக்கும் கைமரத்துக்கும் நம்ம ஆளுங்க காலங்காலமா பூசினதுதான். வெட்டு முனை வழியாத்தான் மரம் தண்ணியை அதிகமா குடிக்கும். கையில பட்டா தோல் வெந்து போகும், உறை போட்டுக்கங்க. வீட்டுக்குள்ள வெயிலும் மழையும் இல்லை, அங்க உங்க இஷ்டம், மரம் காய்ஞ்சா சரி.

எல்லாத்துக்கும் மேல எறவாணம். சார் படத்துல இருந்த மாதிரியே இருக்கணும்னு ஒரு அடிதான் நீட்டச் சொன்னார். நம்ம ஊர் மழை சாய்ஞ்சு அடிக்கும். கன்னியாகுமரிப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனீங்கன்னா மரவேலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி கூரை எவ்வளவு தாழ இறங்குதுன்னு பாருங்க. மூணு அடி எறவாணம் செய்யற வேலையை எந்த டப்பாவும் செய்யாது.

இந்தத் தை மாசம் சாருக்கு நானே போன் பண்ணினேன். ஆசாரி தடுத்தார், அவசரப்படுத்தினது நான், வெங்காரம் வேணாம்னதும் நான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே"ன்னார். சொல்லியிருக்கலாம்தான். மறுநாள் இருபத்திரண்டாயிரமும் வந்துச்சு. சுரண்டற கூலி என் மரக்காசுல இருந்துன்னு நான் சொன்னேன், அவர் வேணாங்கலை.

பணத்தை எடுத்துக்கிட்டு ஆசாரி வீட்டுக்குப் போனேன். எண்ணிப் பார்க்காம மடியில வெச்சுக்கிட்டார். காபி கொடுத்தாங்க. ஒரு வார்த்தையும் கேக்கலை, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. கிளம்பறப்போ, "உப்புத்தாள் நிறைய வாங்கி வைங்க"ன்னார்.

இப்ப மாசி. மேற்குச் சுவர் சுரண்டி முடிஞ்சது, உளுத்த கட்டை மூணு மாத்தணும். பங்குனியில வெங்காரம். சித்திரை, வைகாசி முழுக்க மரத்தை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். எறவாணத்தை ரெண்டு அடி இழுக்கறதுக்கு மூங்கிலா, தகரமான்னு இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம். எப்ப முடியும்னு சார் இந்தத் தடவை கேக்கலை.