புல்லட்டுக்கு ஒரு வேலை கொடுங்கள்

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளுக்கு குவாலிட்டி ஆடிட் செய்வது என் பிழைப்பு. ரிவ்யூ மீட்டிங் என்றாலே ஒரு பிபிடி உண்டு. அதில் வரிகளுக்கு முன்னால் வைக்கும் புல்லட்டுக்குத்தான் எத்தனை அலங்காரம்! அம்பு, வைரம், நட்சத்திரம். ஒருவர் கம்பெனி லோகோவையே சுருக்கி வரிக்கு வரி நிறுத்தியிருந்தார்.

அழகாக இருந்துவிட்டுப் போகட்டும். தப்பாகப் பேசினால்தான் வம்பு. ஒரு டை காஸ்டிங் யூனிட்டில் ஸ்லைடு முழுக்கப் பச்சை டிக். நடுவில் ஒரு வரி, ‘டை ரிப்பேர் நிலுவையில்’. அதற்கும் டிக்தான். முதலாளி டிக்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடு கேட்டார்.

ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகம். இங்கே ஒரே லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். பீகார், ஒடிசா பையன்களும் உண்டு. எழுத்துக்கு முன்பே குறியைத்தான் படிக்கிறார்கள். முடிந்ததற்கு டிக், பாக்கிக்கு வெற்றுக் கட்டம், வரிசைப்படி செய்ய வேண்டியதற்கு எண். இவ்வளவு போதும். (பவர்பாயின்ட் தானாகப் போடும் வரிசைகளில் இந்தி, தாய்லாந்து எழுத்துகள்கூட உண்டு; அ, ஆ, இ கிடையாது. நாமே தட்ட வேண்டும்.) நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. ஜெராக்ஸ் எடுத்து ஷாப் ஃப்ளோர் போர்டில் ஒட்டினால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்.

இன்னொரு வியாதி, புல்லட்டுக்குள் புல்லட். டேப் தட்டத் தட்ட வரி உள்ளே போகும், எழுத்து சிறுக்கும், சங்கடமான சேதியும் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது நாசாவுக்குக் காட்டப்பட்ட ஸ்லைடு ஒன்று இதற்குப் பேர்போனது. புறப்படும்போது இடது இறக்கையில் நுரைத்துண்டு மோதியதே, அதைப் பற்றியது. தலைப்பு ஆறுதல் சொன்னது. அடியில், உள்ளே தள்ளிய கடைசி வரியில்தான் விஷயம்: மோதிய துண்டு சுமார் 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் இறந்தார்கள். ஸ்லைடால்தான் விபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதைத் தனியாக எடுத்துவைத்துக் குறை சொன்னது. 640 மடங்கு வித்தியாசம் தலைப்பில் இருக்க வேண்டிய சேதி. நம் ஊர் பிபிடிகளில் கஸ்டமர் கம்ப்ளைன்ட் எண்ணிக்கை எந்தப் படியில் கிடக்கிறது என்று பாருங்கள்.

குவாலிட்டி சர்க்கிள் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்களை ஒன்று கேட்கிறேன். திரையைப் பார்த்து மார்க் போடாதீர்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பிரின்ட் வாங்குங்கள். எது முடிந்தது, எது பாக்கி என்று பேசுகிறவர் வாயைத் திறக்கும் முன்பே உங்களால் சொல்ல முடிந்தால் முழு மார்க் கொடுங்கள்.