மூட்டுக்குத் தைலம் உண்டு... அவசரத்துக்கு?

ஒரகடத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், வீங்கிய முழங்காலோடு குன்றத்தூரில் என்னிடம் வந்தார். "ஜனவரியில சென்னை மாரத்தான் டாக்டர்... முதல் நாளே பத்து கிலோமீட்டர் ஓடிட்டேன்!" தைலம் தடவினால் வலி குறையும், அவசரம் குறையுமா?

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். புதிதாக ஓடுகிறவருக்கு அங்கேயே 10 கிலோமீட்டர் பிரிவும் இருக்கிறது. அதற்கே மூன்று மாதப் பயிற்சி வேண்டும். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். மூச்சு வாங்கினால் நடங்கள், இதில் வெட்கமென்ன? நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு ஓடாதீங்க. தூக்கம் கெட்டால் வாதம் கூடும்.

ஓடும்போது நெஞ்சு வலித்தால் தைலமும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!