சுதி இறங்கினால் என்ன?

கிளமெண்டியில் பச்சை வழித்தட ரயிலில் ஏறினால் காலாங் வரை மாறவே வேண்டாம். இன்று காலாங் 13ஆவது நிறுத்தம். 1993 ஏப்ரலில் ராக் குழுவான மெட்டாலிக்கா முதல்முறையாகக் காலாங்கின் சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கில் வாசித்தபோது அது 12ஆவது நிறுத்தம். டோவர் நிலையம் 2001இல்தான் வந்தது. ஒருபக்கம் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி, இன்னொரு பக்கம் நீ ஆன், தெற்கே தேசியப் பல்கலைக்கழகம் என்று மாணவர் கூட்டத்துக்கு நடுவில் இருக்கும் பேட்டை கிளமெண்டி. கறுப்பு டீ-ஷர்ட்டுக்கு இங்கே என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அன்று 19, 20 வயதில் அந்த ரயிலைப் பிடித்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். தாங்கள் தேசிய சேவைக்குப் போய்வந்த கதையை விட்டுவிட்டு, பிள்ளை தேசிய சேவைக்குப் போயிருக்கும் கதையைப் பேசும் வயது.

அதே மெட்டாலிக்கா இருபது ஆண்டு கழித்து, 2013 ஆகஸ்ட்டில், சாங்கி கண்காட்சி மையத்துக்கு வந்தது. 2017 ஜனவரியில் மறுபடி வந்தபோது பழைய உள்ளரங்கிலேயே வாசித்தது. 1993இல் பேஸ் கிட்டார் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் இடையில் விலகிவிட்டார். அவர் இடத்தில் ராபர்ட் டிருஹியோ. ஹெட்ஃபீல்ட், உல்ரிக், ஹாமெட் மூவரும் அப்படியே. கட்டடமும் அதே, கென்ஸோ டாங்கே வடிவமைத்த அந்தக் கூரையும் அதே. மாறியது மேடையில் ஒருவரும், கீழே உட்கார்ந்திருந்தவர்களின் தலைமுடியும்தான்.

இந்த மாதிரி நிகழ்ச்சி அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒரு கேலியும் சேர்ந்தே வரும். குரல் போய்விட்டது, கிழவர்கள் காசு பார்க்கிறார்கள், பழைய ஞாபகத்தை நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு விற்கிறார்கள் என்பார்கள். காப்பிக்கடை மேசையில் இதைச் சொல்பவர் தமிழராக இருந்தால் மட்டும் கொஞ்சம் வியப்பாக இருக்கிறது. செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908இல் பிறந்து, தொண்ணூறைத் தொட்ட பிறகும் கச்சேரி செய்தவர். சிறுவயதிலிருந்தே அவருடைய குரல் கரகரப்பானது. முதுமையில் அது இன்னும் கம்மியது. ஒருவரும் நுழைவுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியேறவில்லை. குரல் எட்டாத இடத்தை அவர் எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று கவனிப்பதே ரசிகத்தனமாக இருந்தது. சபாவில் உட்கார்ந்து அதற்குத் தலையாட்டுகிறவர்கள், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் எண்பது வயதில் மேடையில் ஓடுவதை மட்டும் ஏன் கேலி செய்ய வேண்டும்?

சிங்கப்பூருக்கு என்று தனியாக இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்கே ஒரு பழைய குழுவை ‘மறுபடியும்’ பார்ப்பது பலருக்கு உண்மையில் முதல் தடவையாகப் பார்ப்பது. 1970களில் அரசாங்க அலுவலகங்களில் ஒரு சுவரொட்டி தொங்கும்: நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்பார்கள் என்று. எது நீளமுடி என்பதற்குப் படத்தோடு விளக்கமும் உண்டு. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடுவது, காதை மூடுவது, சட்டைக் காலரைத் தாண்டுவது. 1972இல் லெட் செப்பலின் குழுவை இந்த முடியைக் காரணம் காட்டியே நாட்டுக்குள் விடவில்லை. கச்சேரி நடக்கவில்லை. அந்தக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்ட் கடைசியில் சிங்கப்பூர் மேடையில் ஏறியது 2013 மார்ச்சில், 41 ஆண்டுகள் கழித்து, வேறு ஒரு குழுவோடு. முடி அப்போதும் தோள்வரை இருந்தது. 1972இல் இளைஞராக இருந்து ஏமாந்த ஒருவர் அன்றைய இரவு அங்கே போயிருந்தால், அதைப் பழைய ஞாபகம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அவருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றுமே கொடுக்கப்படவில்லை. நாற்பது ஆண்டு நிலுவையில் ஒரு பங்கு அன்றுதான் வந்து சேர்ந்தது.

ரோலிங் ஸ்டோன்ஸ் கதை வேறுவிதம். 2003இல் ஒருமுறை வந்தார்கள். அதே பயணத்தில் பெங்களூருக்கும் மும்பைக்கும் போனார்கள். பிறகு 2014 மார்ச் 15 அன்று மரினா பே சாண்ட்ஸ். விளையாட்டரங்கம்கூட இல்லை, விருந்து மண்டபம்! 1974இல் குழுவை விட்டுப்போன கிட்டார் கலைஞர் மிக் டெய்லர் அந்தப் பயணத்தில் விருந்தாளியாகச் சேர்ந்துகொண்டார். பின்னால் அமைதியாக டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் சார்லி வாட்ஸ். 2021 ஆகஸ்ட்டில் அவர் காலமானார். 2014இல் விலையைப் பார்த்துத் தயங்கி, அடுத்தமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்களுக்கு அடுத்தமுறை வாட்ஸ் இல்லை.

விலை அதிகம்தான். அதை மறுப்பதற்கில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவை ஓர் இரவுக்குக் கொடுக்க முடியாதவர்களே கிளமெண்டி வீவக புளோக்குகளில் அதிகம். 2017 பிப்ரவரியில் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழு வந்தபோது பணம் கொடுத்தும் நொந்துபோனவர்கள் பலர். நிகழ்ச்சி நடந்த சாங்கி கண்காட்சி மையத்துக்கு எம்ஆர்டி கிடையாது. தீவின் மேற்கிலிருந்து கிழக்கு முனைக்குப் போய், உணவுக்கு ஒரு வரிசை, பானத்துக்கு ஒரு வரிசை, திரும்ப வரப் பேருந்துக்கு இன்னொரு வரிசை. மறுநாள் சமூக ஊடகங்களில் பாட்டைப் பற்றிய பேச்சைவிட வரிசையைப் பற்றிய புலம்பலே அதிகம். ஆனாலும் அந்தக் கச்சேரியின் தனித்தன்மையை மறக்கக் கூடாது. குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸும் கிட்டார் கலைஞர் ஸ்லாஷும் 1993க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மேடையில் நிற்கவில்லை. மறுபடி சேர்வீர்களா என்று கேட்டபோது, இந்த ஜென்மத்தில் நடக்காது என்று ரோஸ் ஒருமுறை சொல்லியிருந்தார். 2016இல் சேர்ந்ததும் உலகப் பயணத்துக்கு அந்தப் பதிலையே பெயராக வைத்தார்கள். தன் வாய்ச்சொல்லைத் தானே கேலி செய்துகொள்ளும் இந்தத் துணிச்சல் இருபத்தைந்து வயதில் வந்திருக்காது. 2022 நவம்பரில் அவர்கள் மீண்டும் வந்தபோது இடம் காலாங்கின் தேசிய விளையாட்டரங்கம். கிளமெண்டிக்காரர்களுக்கு மறுபடியும் ஒரே ரயில்.

குரல் விஷயத்துக்கு வருவோம். மெட்டாலிக்கா 1990களின் நடுப்பகுதியிலிருந்தே மேடையில் கிட்டாரை அரைக் கட்டை இறக்கித்தான் சுதி சேர்க்கிறது. கர்நாடக இசை கேட்பவருக்கு இது செய்தியே இல்லை. வயது ஏற ஏறப் பாடகர் கட்டை இறங்குவது இயல்பு. டீப் பர்ப்பிள் குழு இன்னொரு வழியைப் பிடித்தது. ‘சைல்ட் இன் டைம்’ பாட்டில் உச்சத்தில் அலற வேண்டிய இடங்கள் உண்டு. 1945இல் பிறந்த பாடகர் இயன் கில்லன் 2002க்குப் பிறகு அதைப் பாடுவதையே நிறுத்திவிட்டார். ரசிகர்கள் இன்றுவரை கேட்கிறார்கள், அவர் அசையவில்லை. ஒருவர் சுதியை இறக்குகிறார், இன்னொருவர் பாட்டையே விட்டுவிடுகிறார். இரண்டுமே நேர்மையான வழி. பழைய குழுவைக் கேட்கப் போகிறவர் கவனிக்க வேண்டியதும் இந்த மாற்றங்களைத்தான். ஒலிநாடாவில் தேயத்தேயக் கேட்ட அதே உச்சம் வேண்டுமென்றால் ஒலிநாடாவே போதும், ரயிலேறத் தேவையில்லை.

பொறுக்க முடியாதது ஒன்று உண்டு: முன்பே பதிவுசெய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பது. லண்டனில் 2022 மே மாதத்திலிருந்து நடக்கும் ‘ஆபா வாயேஜ்’ நிகழ்ச்சியில் ஆபா குழுவின் நால்வரும் மேடைக்கு வருவதே இல்லை. கணினி உருவாக்கிய இளமை உருவங்கள்தான் ஆடுகின்றன. அதைச் சொல்லித்தான் சீட்டு விற்கிறார்கள், வாங்குகிறவருக்கும் தெரியும். சொல்லாமல் செய்வதுதான் ஏமாற்று. இந்த இடத்தில் நம்மவர் இளையராஜாவை நினைக்காமல் இருக்க முடியாது. மேடையில் ஒரு வாத்தியம் தவறினால் நிறுத்திவிட்டு, முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். சிலருக்கு அது எரிச்சல். ஆனால், கேட்பது அந்த நிமிடத்தில் பிறக்கும் இசைதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2025 ஜூலை 5 அன்று பிர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சாபத் குழு தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. தொடக்ககால நால்வரும் இருபது ஆண்டு கழித்துச் சேர்ந்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத பாடகர் ஆஸி ஆஸ்பர்ன், 76 வயதில், சிம்மாசனம் போன்ற ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். குரல் பல இடங்களில் தடுமாறியது. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, அவர் இறந்தார். அந்த மைதானத்தில் அன்று இருந்த யாரும் சுதியைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு பொறுமையும் கடல் கடந்து வருகிறவர்களுக்கு மட்டும்தானா என்பதே உள்ளூரில் கேட்க வேண்டிய கேள்வி. கிளமெண்டியிலிருந்து நான்காவது நிறுத்தம் குவீன்ஸ்டவுன். அங்கிருந்த தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1961இல் தொடங்கிய குழு தி குவெஸ்ட்ஸ்; பெயரைப் பள்ளி இதழிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1964இல் அவர்களின் ‘ஷான்டி’ இசைத்தட்டு, உள்ளூர்த் தரவரிசையில் பீட்டில்ஸைக் கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. அந்தக் குழுவில் கிட்டாரால் பெயர் வாங்கிய ரெஜி வர்கீஸ் 2015இல் மறைந்தபோது, அந்தப் பெயரை அறிந்த இளையர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஸ்வீட் சாரிட்டி குழுவின் ரம்லி சரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய கீதத்தின் 60ஆம் ஆண்டையொட்டி அவர் கரகரத்த குரலில், மெதுவான நடையில் அதைப் பாடினார். 2020 தேசிய தினத்தின்போது அது பரவலாக ஒலித்ததும், இழுவையாக இருக்கிறது என்று முணுமுணுத்தவர்கள் ஏராளம். வெளிநாட்டுக் கிழவரின் கரகரப்பு அனுபவம், உள்ளூர்க்காரரின் கரகரப்பு குறை என்றால் காதில் ஏதோ கோளாறு.

தமிழருக்கு இன்னும் நெருக்கமான பெயர் ருத்ரா. 1992இல் சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய டெத் மெட்டல் குழு. பாடகரும் பேஸ் கலைஞருமான கதிர், டிரம்ஸ் வாசிக்கும் சிவா இருவரும் தொடக்கத்திலிருந்தே இருப்பவர்கள். வேத மந்திரமும் வேதாந்தமும் கலந்த அவர்களின் பாணிக்கு வேதிக் மெட்டல் என்றே பெயர். முதல் ஆல்பம் 1998இல். பிரம்மவித்யா வரிசையில் மூன்று ஆல்பங்கள் 2005, 2009, 2011இல். உலகெங்கும் மெட்டல் ரசிகர்கள் இவர்களைப் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருக்கிறார்கள். தேக்காவில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான். சிலர் அதைக் கச்சேரி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது அவரவர் காது. ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே விரதத்தைப் பிடித்திருக்கும் ஒரு குழுவை, மெட்டாலிக்காவுக்காகக் காலாங் போன அதே ஐம்பது வயதுக்காரர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றால் அவருக்குத்தான் நட்டம்.

எஸ்பிளனேடின் கடலோரத் திறந்தவெளி மேடையில் உள்ளூர்க் குழுக்கள் வாசிக்கும் நிகழ்ச்சிகள் பலவும் இலவசம். அங்கே போக சிட்டி ஹாலில் இறங்க வேண்டும். காலாங்குக்கு மூன்று நிறுத்தம் முன்னால்.