கச்சிக்கு வந்த பாணனும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை கச்சி நகரைப் பாட்டுடையதாக்கிய பழம்பெருநூல். யாழைச் சுமந்து, பசித்த சுற்றத்தொடு ஊரூராய்த் திரிந்த பாணன் ஒருவனை, 'கச்சிக்குச் செல்க. ஆங்குத் தொண்டைமான் இளந்திரையன் உடையும் உணவும் தந்து, பொற்றாமரை சூட்டி விடுப்பான்' என்று 500 அடிகளில் அஃது ஆற்றுப்படுத்துகின்றது. அந்நூலுள் பாணனை நோக்கி, நின் குலம் யாது என்று வினவுவார் இல்லை. நின் பாட்டிற் கொச்சை உண்டோ என்று ஆராய்வாரும் இல்லை. பாடி வருவோனை ஏற்பது கச்சியின் கடன் என்பதே அதன் உட்கிடை.

அந்தக் கச்சியிலிருந்து தொடர்வண்டி ஏறினால் சிறிது பொழுதில் எட்டிவிடும் ஊர் அரக்கோணம். அவ்வூரினர் அறிவு என்னும் இளைஞர். தாமே எழுதித் தாமே பாடுபவர். 2019-இல் 'தெருக்குரல்' என்னும் பாட்டுத்தொகுதியை வெளியிட்டார். தி.ஆ. 2052-இல், அதாவது 2021 மார்ச்சுத் திங்களில், தீ என்னும் பாடகியொடு அவர் பாடி, சந்தோசு நாராயணன் இசையில் வலையொளியில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' 40 கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்டுவிட்டது. 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்னும் தொகுதி வந்தது. தமிழே அறியாத நாட்டு மக்களும் அறிவின் பாட்டுக்குத் தாளமிட்டனர். ஆயின், தமிழே உயிரெனக் கொண்ட அன்பரிடையே அதுபற்றி எழுந்த கருத்து ஒருவழிப்பட்டதாய் இல்லை. பாட்டைப் புகழ்ந்தார் ஒரு சாரார். நெற்றியில் ஆங்கிலச் சொல்லைப் பொறித்துக்கொண்டு வரும் பாட்டைக் கேட்பதே இழுக்கு என்றார் மற்றொரு சாரார். ஒப்பாரியை ஆட்டப்பாட்டு ஆக்கலாமோ என்று நொந்தவரும் உளர். இவையெல்லாம் சேரியிலும் கழனியிலும் பேசும் கொச்சை, இதற்குத் தமிழ் என்று பெயரா என முகஞ்சுளித்தவர் பலர். இறுதியிற் கூறப்பட்டதே கவலைக்குரியது; எனினும் முதற்கண் அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம் என்பாரும் இருப்பர்; அதனையே முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

'எஞ்சாய்' என்பது அயற்சொல். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. பாட்டின் ஒலியியைபுக்காகச் சேர்த்தது என்பது விளக்கமாகுமேயன்றித் தக்க விடையாகாது. 'எஞ்சாமி' என்பதோ பாட்டிமார் பேரப்பிள்ளையைக் கொஞ்சும் விளி. 'சாமி' என்னும் சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடை வழக்குண்டு. அது தனியே ஆராயத்தக்கது. இங்குச் சொல்லவேண்டுவது, பேரனை அழைக்கும் அவ்விளியின் முன் ஓர் ஆங்கில ஏவல் வந்து நிற்பது, அந்தப் பாட்டியின் வாயில் ஒருபோதும் வாராத ஒன்று என்பதே.

இதற்கு மறுமொழியாகக் காஞ்சியில் வழங்கும் ஓர் ஒப்புமையை எடுத்துக்காட்டுவோர் உண்டு. பட்டு நூல் கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன; ஆயினும் நெய்யப்படுவது காஞ்சிப் பட்டுத்தானே என்பர். நூல் வேறு, சொல் வேறு. ஊரில் விளையாத பொருளை வெளியூரில் விலைகொடுத்து வாங்குவது வணிகம். வீட்டில் நிறைய வைத்துக்கொண்டு அடுத்த வீட்டில் இரந்து நிற்பதற்கு அப்பெயர் பொருந்துமா?

ஆயின் வீட்டில் இருக்கும் அப்பொருளை யார் எங்கே வைத்துள்ளனர் என்பதையும் கேட்கவேண்டும். 'துய்த்தல்' என்னும் நற்சொல் புறநானூற்றில் உள்ளது. அதனைப் பேச்சில் ஆளும் தமிழ்ப் புலவர் எத்தனை பேர்? வகுப்பில் பொருள் எழுதச் சொல்லி, மதிப்பெண் இட்டு, மீண்டும் பொத்தகத்துள் மூடிவைக்கப்படும் சொல் அது. தெருவுக்கு வாராத சொல்லைத் தெருப்பாடகர் எவ்வாறு எடுப்பார்? குற்றத்தில் ஒரு பங்கு பாடகருக்கென்றால், மூன்று பங்கு கரும்பலகைக்கு முன் நின்றவர்க்கு.

இன்னொன்றும் உண்டு. 'எஞ்சாய்' என்று தொடங்கிய அதே பாடகரே 'தெருக்குரல்' என்றும் 'வள்ளியம்மா பேராண்டி' என்றும் தம் தொகுதிகட்குப் பெயரிட்டார். குறளை ஒலியால் நினைவூட்டி, தெருவில் நிற்பவன் குரலைப் பொருளால் உணர்த்தும் முன்னைய பெயர் எந்தத் தமிழ்ப் புலவரும் பொறாமைப்படத்தக்கது. 'பேராண்டி' என்னும் சொல்லோ அகரமுதலியைப் புரட்டித் தேடி எடுத்ததன்று. பாட்டி மடியில் கிடந்து பெற்றது. பிழையைக் கண்டிக்கத் தெரிந்த தாளிகைகளுள் இவ்விரு பெயர்களையும் பாராட்டி ஒரு வரி எழுதியவை எத்தனை? இவ்வகையில் வேறொரு வருத்தமும் உண்டு. பா. இரஞ்சித் முன்னின்று தொடங்கப்பெற்ற, அறிவும் பாடிய இசைக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்தினின்று பிறந்தது. தமிழிற் பிறந்த அத்தொடரை ஆங்கிலத்தில் பெயர்த்துக் 'கேசுட்லெசு கலெக்டிவ்' என்று சூட்டினர். பண்டிதர் 1907-இல் தொடங்கிய தாளிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தவர். அவர் வழியினர் தமிழுக்கு நாணவேண்டுவதில்லை.

இனி, கொச்சை என்ற பழிக்கு வருவோம்.

தொல்காப்பியர் வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டையும் ஆராய்ந்தே நூல் செய்தார் என்று பாயிரம் கூறும். செய்யுளுக்கு இடமான ஏழனுள் பிசியையும் முதுசொல்லையும் அவர் சேர்த்து வைத்தார். விடுகதையும் பழமொழியும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஆக்கியவையா? இளங்கோவடிகள் வேட்டுவர் பாட்டையும் ஆய்ச்சியர் குரவையையும் குன்றக் குறவர் கூத்தையும் காப்பியத்துள் கொண்டுவந்து அமர்த்தினார். உலக்கை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டும் அங்குண்டு. மணிவாசகர் இறைவனைப் பாடத் தேர்ந்தவை அம்மானையும் தெள்ளேணமும் சாழலும் பொன்னூசலும். பெண்கள் முற்றத்தில் ஆடிய ஆட்டங்கள். இவ்வளவும் கற்றுத் தேர்ந்த புலவரே இன்று உழவர் பாட்டைக் கேட்டு முகஞ்சுளிப்பது விந்தையினும் விந்தை.

மொழிஞாயிறு பாவாணர் முகஞ்சுளிக்கவில்லை. நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, மிளகாய்ச் செடிக்குக் கோல், சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி என, ஒரு பயிரின் அடிப்பகுதிக்கே இத்தனை சொல் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இச்சொற்களை இன்றளவும் காத்தவர் கழனியில் இறங்கி நிற்பவர். காஞ்சியில் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் அமர்ந்திருப்பவரைக் கேட்டால், பாவு, ஊடை, அச்சு, விழுது, மிதி, கோர்வை என்று மூச்சுவிடாமல் சொல்வார். அவர்க்கு எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் உதவவில்லை. தனித்தமிழ் என்பது மறைமலையடிகள் 1916-இல் தோற்றுவித்த இயக்கத்தின் பெயர். ஆனால் அவ்வியக்கம் மீட்கப் புகுந்த தமிழ், இயக்கம் தோன்றுமுன்னரே பள்ளிக்கூடம் காணாத வாய்களில் இருந்தது. அவ்வாய்களின் பாட்டை நா. வானமாமலை போன்றோர் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று 1964-இல் தொகுத்து அச்சேற்றினர். தனித்தமிழார் அதனைத் தம் பணியாக ஏற்காதது ஒரு குறையே.

'எஞ்சாமி' பாட்டின் உள்ளீடும் அவ்வாயிலிருந்து வந்ததே. முன்னோர் காத்துக் கொடுத்த மண்; நாய்க்கும் பூனைக்கும் உரிமையுள்ள ஏரி குளம்; மரம் நட்டுத் தோட்டம் வளர்த்தும் தொண்டை நனையாமற் போன உழைப்பாளி. இவற்றைச் சொல்ல அப்பாட்டு எடுத்துக்கொண்ட தமிழ், தலைப்பில் உள்ள அந்த ஒரு சொல்லை விலக்கிப் பார்த்தால், பெரும்பாலும் வீட்டுத் தமிழே. ஒப்பாரி ஆட்டமாயிற்று என்று நொந்தவர், பறையொலி சாவுக்கும் உண்டு, திருவிழாவுக்கும் உண்டு என்பதை நினைத்துப் பார்க்கலாம். காஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில் பாரதக் கூத்தைக் கண்டவர்க்கு, அழுகையும் ஆட்டமும் ஒரே அடவில் நிற்பது புதிதன்று.

அவ்வழுகைக்கு ஒரு வரலாறு உண்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். காட்டை வெட்டித் தோட்டமாக்கிய மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948-இல் இலங்கை அரசு பறித்தது. 1964-இல் சிறிமாவோவும் சாத்திரியும் கையெழுத்திட்ட உடன்பாட்டால் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஆட்டு மந்தையைப் பிரிப்பதுபோல் மக்களைப் பிரித்த இவ்விரு உடன்பாடுகளிலும் பிரிக்கப்பட்டவரை ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்க்கோ தாயகத்தில் நிலமும் இல்லை, ஊரும் இல்லை. ஈழம் என்றவுடன் குருதி கொதிக்கும் தாளிகைகளிலும் இம்மலையக மக்களைப் பற்றிய பக்கங்கள் மிகக் குறைவு. அக்குறையைப் பேரன் ஒருவர் பாட்டால் தீர்த்தார். அதனைக் கேட்ட செவி, தலைப்பில் உள்ள ஒரு சொல்லோடு நின்றுவிடுவது முறையாகாது.

பாட்டு யாருடையது என்னும் பூசலும் இதனோடு பிணைந்தது. 2021-இல் ஓர் இசைத் தாளிகையின் அட்டையில் தீயும் வேறொரு பாடகரும் இடம்பெற்று அறிவு விடப்பட்டபோது, பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 சூலை 28-இல் சென்னையில் 44-ஆம் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அப்பாட்டைத் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு அம்மேடையில் இல்லை. பாட்டைத் தாமே ஆக்கியதாகவும், மெட்டோ சொல்லோ பிறர் தந்ததன்று என்றும் அறிவு எழுதினார். இசையமைப்பு தம்முடையதென்றும், வருவாயை மூவரும் சமமாகப் பகிர்வதே உடன்பாடென்றும் சந்தோசு நாராயணன் விடையிறுத்தார். 2024 மார்ச்சில், அவ்வருவாயே தங்களுள் ஒருவர்க்கும் வந்து சேரவில்லை என்று அவரே கூறினார். மூவருள் எவர் பங்கு எவ்வளவு என்று அளந்து தீர்ப்பது இப்பக்கங்களின் வேலையன்று. எழுதிப் பாடியவர் இல்லாமலே அவர் பாட்டு அரசு மேடை ஏறிற்று என்பது மட்டும் எவரும் மறுக்காதது.

காஞ்சி மக்களுக்கு இஃது எளிதில் விளங்கும். கோர்வைப் புடைவை ஒன்றை நெய்யக் குழித்தறியில் இருவர் அமர்ந்து, கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் இழைத்து, நாள்கணக்கில் கை ஓயாமல் உழைக்கவேண்டும். புடைவைப் பெட்டியில் பொன்னெழுத்தால் கடையின் பெயர் இருக்கும். திருமண அரங்கில் 'எந்தக் கடையில் எடுத்தீர்கள்?' என்று கேட்பார்கள். யார் நெய்தது என்று கேட்டவர் இல்லை. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கல்லது குடியும் இல்லை என்று மாங்குடி கிழார் புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் பாடிய நாட்டில், அக்குடியினர் பெயர்கள் மேடையினின்று எப்போது இறக்கப்பட்டன என்பது தமிழ்ப் புலவர் ஆராயவேண்டிய பொருள். 'எஞ்சாய்' என்பதற்கு நேர்ச்சொல் காண்பதினும் அது கடினமானதே.

பள்ளி ஆண்டுவிழாக்களில் இப்பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடுவதைக் காஞ்சியிலும் காணலாம். வரும் ஆண்டும் ஆடுவர். பாட்டுத் தொடங்குமுன் ஒலிவாங்கியின் முன் நிற்கும் தமிழாசிரியர், தலைப்பிலுள்ள சொல் அயற்சொல் என்பதைச் சொல்லட்டும். சொல்லியபின் அரக்கோணத்து அறிவு, தீ, சந்தோசு நாராயணன் என்று மூவர் பெயரையும் சொல்லட்டும். தேயிலைத் தோட்டத்து வள்ளியம்மாளின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். அதற்கு அரை நிமையம் போதும்.