சோதனைக்குத் தலைகொடுக்கும் கொள்கை

தீபாவளி இரவில் அச்சங்குளத்து வானில் ஒரு வாணம் சிவப்பாகப் பூத்தால் மருந்தில் ஸ்டிரான்ஷியம் உப்பு இருந்தது என்கிறோம். நீலமாகப் பூத்தால் தாமிர உப்பு என்கிறோம். மருந்து எரிந்து மறைந்த பின்னும் நிறம் சாட்சி சொல்கிறது. பார்க்க முடியாத பொருள்களைப் பற்றிப் பேசும் இயற்பியலும் இப்படிப்பட்ட சாட்சியைத்தான் தேடுகிறது.

நியூட்ரினோவை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி உங்கள் விரல் நகத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் எவ்விதத் தீங்குமின்றிக் கடந்து செல்கின்றன. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை 1965-இல் முதன்முதலாகக் கண்ட இடங்களுள் ஒன்று நமது கோலார் தங்கச் சுரங்கம். இத்துகளுக்கு நிறையே இல்லை என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். ஆனால் அது வழியில் வகை மாறுகிறது என்று 1998-இல் ஜப்பானிய ஆய்வு காட்டியது. நிறை இருந்தாலன்றி இம்மாற்றம் நிகழாது. எனினும் அந்த நிறை, எலெக்ட்ரான் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

ஏன் இவ்வளவு சிறிது? மீச்சமச்சீர்மைக் கொள்கை ஒரு விடை தருகிறது. ஒவ்வொரு துகளுக்கும் இன்னும் காணப்படாத கனமான கூட்டாளி ஒன்று உண்டு என்பது அக்கொள்கை. இக்கூட்டாளிகள் சிலவற்றுடன் நியூட்ரினோ இலேசாகக் கலந்தால் அதற்குச் சிறிதளவு நிறை வந்துவிடும். அத்துடன் நில்லாமல், இம்மாதிரிகளில் ஒன்று துணிந்து வாக்கும் தருகிறது: கூட்டாளிகளுள் மிக இலேசானது சிதையும்போது மியூவானும் டௌ துகளும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் வெளிவர வேண்டும். நியூட்ரினோ வகை மாறும் அளவிலிருந்தே கணக்கிட்ட விகிதம் இது!

ஜெனீவா அருகிலுள்ள மாபெரும் முடுக்கியில் இதுவரை எந்தக் கூட்டாளியும் அகப்படவில்லை. “அப்படியானால் இது வீண் கற்பனைதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை. ‘இதைப் பாருங்கள்; இல்லையென்றால் நான் தவறு’ என்று சொல்லும் கொள்கை, தோற்றாலும் நமக்கு வழிகாட்டிவிட்டே தோற்கிறது. எதைக் கண்டாலும் பொருந்திப்போகும் விளக்கமே பயனற்றது.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் 50,000 டன் காந்த இரும்பைக் கொண்டு நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறியத் திட்டமிட்டார்கள். 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. 2022-இல் தமிழக அரசு அனுமதி தர இயலாதென உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. மலைக்கும் நீருக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு அளவீடுகளால் விடை தர வேண்டும். நியூட்ரினோவே நம்மைக் கொல்லும் என்ற அச்சமோ முதல் சோதனையிலேயே உதிர்ந்துவிடும்.

ஆகவே, அரசு சொன்னாலும், எதிர்ப்பாளர் சொன்னாலும், என்போன்ற ஆசிரியர் சொன்னாலும், “இது தவறென்றால் எதைக் கொண்டு அறிவது?” என்று எழுந்து கேளுங்கள்.