அந்தக் கறி எந்தக் கறி?

தை மாதம். குமுளியில் ஒரு சாப்பாட்டுக் கடை. பரோட்டா வந்ததும், "கறி என்ன இருக்கு?" என்று கேட்டேன். கம்பத்திலிருந்து மலையேறியவனுக்குக் கறி என்றால் ஆடுதான். "கடலை உண்டு, முட்டை உண்டு, சேட்டா" என்றார் கடைக்காரர். சாற்றோடு ஊற்றுவதெல்லாம் அவருக்குக் கறி.

அடுத்த வாரம் பாலக்காடு, கல்பாத்தியில் நண்பர் வீட்டில் சாப்பாடு. "இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கோங்கோ" என்றார் அவருடைய அம்மா. அக்ரகாரத்தில் கறியா என்று நிமிர்ந்தேன். இலையில் விழுந்தது வாழைக்காய்.

சங்கப் புலவர்களைக் கேட்டால் நான்காவதாக ஒன்றைச் சொல்வார்கள்: மிளகு. அகநானூறு 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் காட்டும் முசிறியில், யவனர் கப்பல்கள் பொன்னைக் கொடுத்துவிட்டு ஏற்றிப் போவது கறி. தேக்கடியில் அணைக்குள் தேங்கி நிற்கிறதே, அதே பெரியாறு மலையிறங்கிக் கடலைத் தொடும் பக்கத்தில்தான் அந்த முசிறி.

ஆங்கிலேயரின் கறி நம்மிடமிருந்து போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. 1747-இல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் புத்தகத்திலேயே கறிக்குச் செய்முறை எழுதிவிட்டார். "நம்மிடமிருந்து ஒன்றும் போகவில்லை, அவர்களிடம் முன்பே 'கியூரி' இருந்தது" என்று வாதாடுபவர்களும் உண்டு. 1390 வாக்கில், இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்த சுவடிக்கு 'ஃபார்ம் ஆஃப் கியூரி' என்றுதான் பெயர். ஆனால் அந்தக் கியூரி பிரெஞ்சிலிருந்து வந்த பழைய சொல், பொருள், சமையல். அதையும் நம் கறியையும் சேர்ப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை.

வாதம் அங்கே முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சுவடியின் குறிப்புகளில் மிளகுப்பொடி வந்துகொண்டே இருக்கிறது. அன்றைக்கு ஐரோப்பாவுக்கு மிளகு, மலபாரிலிருந்து அரபு வணிகர் கைமாறி, வெனிஸ் வழியாகப் போனது. புத்தகத்தின் மேல் இருக்கும் சொல் நம்முடையது இல்லை. சட்டிக்குள் விழுந்தது தாயங்கண்ணனாரின் கறி.

குமுளிக் கடையில் கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது, வாசல் ஓரத்துத் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பாதி பச்சை, பாதி கறுப்பு. உள்ளே நான் கேட்ட கறி இங்கேதான் கிடந்திருக்கிறது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். கம்பம் வரும்வரை நாக்கு எரிந்தது.