மூணாறும் மூந்நாரும்



கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. ஆங்கிலப் பாடத்தில் ‘நேசல்’ என்று ஒரு சொல் வந்திருக்கிறது. ஒரு பிள்ளை அர்த்தம் கேட்க, “மூக்கால பேசறது” என்று சொல்லியிருக்கிறார். உடனே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “மலையாளத்துக்காரங்க பேசுவாங்களே, அந்த மாதிரியா டீச்சர்?” வகுப்பே சிரித்ததாம். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலைத் தாண்டினால் மலையாளம் பேசுகிறவர்கள். “நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சொல்லின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். லத்தீனில் மூக்குக்கு ‘நாசுஸ்’ என்று பெயர். நம் காதுக்குப் பழகிய வடமொழி ‘நாசி’ அதற்குப் பங்காளி முறை. மொழியியலார் ‘நேசல்’ என்று சொன்னால் குறையும் இல்லை, புகழும் இல்லை. ம, ன, ங போல மூக்கு வழியாகக் காற்று போகும் ஒலி, அவ்வளவுதான். ஊர்ப்பேச்சில் ஒருவர் குரலை ‘நேசல்’ என்றால் மட்டும் அதில் ஒரு முகச்சுளிப்பு ஒட்டிக்கொள்கிறது. இதற்கே ஆங்கிலத்தில் ‘ட்வாங்’ என்று இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். வில்லின் நாணைச் சுண்டினால் எழும் ஓசைக்கு வைத்த பெயர், பிறகு மூக்குப் பேச்சுக்கும் வந்துவிட்டது.

ஒரு வேடிக்கை உண்டு. சளி பிடித்து மூக்கடைத்தவரின் பேச்சையும் ‘நேசல்’ என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படித்தான், “ஏன் மூக்கால பேசறே, சளியா?” என்று கேட்கிறோம். உண்மையில் அவருக்கு மூக்கு வேலையே செய்யவில்லை. இரண்டு விரலால் மூக்கை இறுக்கிக்கொண்டு ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட ‘அப்பா’ என்று வரும். ‘காக்கா’ என்று சொல்லுங்கள், ஒரு குறையும் இருக்காது. காற்று மூக்கில் கூடுதலாகப் போவதும், போகாமல் அடைபடுவதும் மருத்துவர்களுக்கு வேறு வேறு. நமக்கு இரண்டும் மூக்குப் பேச்சு.

நம் இலக்கணக்காரர்கள் இதைத் தெளிவாகவே பிரித்துவைத்திருந்தார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியலில், மெல்லெழுத்து ஆறும் வாயில் தத்தம் இடத்தில் பிறந்தாலும் மூக்கின் காற்றோடுதான் ஒலிக்கும் என்று விதி இருக்கிறது. நன்னூலார் மெல்லினத்துக்கு மூக்கையே இடமாகச் சொன்னார். இழிவு என்ற பேச்சே இல்லை.

இப்போது கடைசி பெஞ்சுக்கு வருவோம். அந்தப் பிள்ளை சொன்னதில் பாதி சரி. ஏ.ஆர். ராஜராஜ வர்மா ‘கேரள பாணினீயம்’ என்ற தம் மலையாள இலக்கண நூலில், தமிழ் மலையாளமாக மாறிய வழிகளை ஆறு நயங்களாக வகுத்தார். முதல் நயத்துக்கு அவர் வைத்த பெயர் ‘அனுநாசிகாதிப்ரசரம்’. மூக்கொலி பக்கத்து எழுத்தையும் தன்னைப்போல ஆக்கிக்கொள்ளும் என்பது அதன் சாரம். நம் தேங்காய் அங்கே ‘தேங்ங’, மஞ்சள் ‘மஞ்ஞள்’, குரங்கு ‘குரங்ங்’, வந்து ‘வந்ந்’. இஞ்சி மட்டும் அசையவில்லை, இரண்டு பக்கமும் இஞ்சிதான்!

டீச்சரின் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கொழிஞ்சாம்பாறை, மலையாளப் பலகையில் கொழிஞ்ஞாம்பாற. அந்த ‘ஞ்ச’வுக்கும் ‘ஞ்ஞ’வுக்கும் நடுவில்தான் ஊரே இருக்கிறது. பக்கத்து முதலமடையின் மாந்தோப்புகளில் மாங்காய் ‘மாங்ங’ ஆகிறது. மலையாளக் கரையில் காதில் விழுந்த பெயரைப் போர்ச்சுக்கீசியர் ‘மங்கா’ என்று கொண்டுபோக, அது ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆயிற்று. மலையாளத்தில் கரைந்த ககரம் கடல் தாண்டி மறுபடி தலைகாட்டியது எனக்குப் பிடித்த சங்கதி.

மீதிப் பாதிக்கு இடுக்கிப் பக்கம் போக வேண்டும். 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடேயே நின்றன. தேயிலைத் தோட்டத்துத் தமிழும் அங்கேயே நின்றது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறுகள் கூடும் ஊரை நாம் மூணாறு என்கிறோம். மலையாளிகள் ‘மூந்நார்’ என்கிறார்கள். தமிழ் எழுத்தில் ‘மூன்று’தான். அந்த றகரம் எங்கே? அவர்கள் வாயில் ‘ந்ந’விலும் நம் வாயில் ‘ண’விலும் கரைந்துபோயிற்று. ஒன்று ‘ஒண்ணு’ ஆனதும், நின்று ‘நின்னு’ ஆனதும் அதே மூக்கின் வேலை. ராஜராஜ வர்மா நம் பேச்சுக்கு இலக்கணம் எழுதவில்லை என்பதால் நாம் தப்பித்தோம்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. “அவன் நேத்தே வந்தான்” என்று வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். கடைசி ‘ன்’ வருகிறதா? நாக்கு மேலே போய் ஒட்டுவதே இல்லை; ‘தா’ மட்டும் மூக்கில் லேசாக முனகி நின்றுவிடும். ‘போறேன்’ என்பதும் அப்படித்தான். நாள் முழுக்க இப்படிப் பேசிவிட்டு, அதற்கு ஓர் எழுத்துகூட நாம் வைத்துக்கொள்ளவில்லை.

எழுத்து வைத்துக்கொண்டது மட்டும் என்ன வாழ்ந்தது? ந, ன என்று நம்மிடம் இரண்டு எழுத்து. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகவே உச்சரிக்கிறோம். மலையாளத்தில் அந்த இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆனால் ‘ஒந்ந்’ என்பதற்கும் ‘பொன்ன்’ என்பதற்கும் நாக்கு நிற்கும் இடம் வேறு என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே டீச்சர், அடுத்த முறை வகுப்பு சிரித்தால், எல்லோரையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘மூணாறு’ என்று சொல்லச் சொல்லுங்கள். மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு, குமுளி, மீனாட்சிபுரம் பக்கத்து வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இரண்டு வாயில் இரண்டு விதமாக வரும் இப்படிப்பட்ட சொற்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். காதில் கேட்டபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்